எழுபத்தொரு சென்டிமீட்டர் கட்லா

ஜனவரி 1

கூட்டுறவு வங்கியில் கொடுத்த டைரி. போன வருடத்து டைரி ஜனவரி ஆறோடு நின்றுவிட்டது. அதற்கு முந்தையது ஒன்பது வரை போனது. இந்த முறை டிசம்பர் பார்க்காமல் விடுவதாக இல்லை.

தபால் ஆபீஸ் வேலைக்குப் போய் வந்தேன். சாயங்காலம் கோமதி வந்தாள். என் அக்கா சொர்ணத்தின் ஒரே மகள். பிப்ரவரி எட்டாம் தேதி அவளுக்குக் கல்யாணம். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசினாள்.

"மாமா, தெளிவாச் சொல்லிருதேன். என்னைக் கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போவ வேண்டியது தாய்மாமன், நீங்க. பக்கத்துல நிக்க வேண்டியது அப்பா. அன்னைக்கும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கப் போறியள்னா எனக்கு மண்டபமும் வேண்டாம், மேளமும் வேண்டாம். ரிஜிஸ்தர் ஆபீசுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேன்."

"அவுக மொதல்ல பேசட்டும். நான் மாட்டேன்னா சொல்லுதேன்?"

"அப்பாவும் இதையேதான் சொல்லுதாவ."

அப்படியானால் பிரச்சினை என்னிடம் இல்லை என்பது தெளிவாகிறது. மூன்று வருடமாக எனக்கும் அக்கா வீட்டுக்காரருக்கும் பேச்சு கிடையாது. (இந்த டைரியில் அவரை 'அக்கா வீட்டுக்காரர்' என்றுதான் எழுதுவேன். அதற்கு மேல் உறவு கொண்டாட எனக்கு விருப்பமில்லை.) காரணம் அந்த அடுப்பு விஷயம். அதை எழுதி டைரியின் முதல் பக்கத்தைப் பாழாக்க வேண்டாம்.

ஜனவரி 2

கோமதி போன் செய்தாள். இருபத்தைந்தாம் தேதி தாமிரபரணியில் கயாக் படகில் மீன்பிடிப் போட்டியாம். படகுக்கு இரண்டு பேர். என் பெயரைக் கொடுத்துவிட்டாளாம்.

"எனக்கு ஐம்பத்து மூணு வயசு புள்ள."

"சின்ன வயசுல தூண்டில் போட்டா ஆத்துல மீனே மிஞ்சாதுன்னு நீங்கதான சொல்லுவிய?"

அது உண்மைதான். கூட்டாளி யார் என்று கேட்டேன். "ரிட்டயர்டு ஆளு. ஒங்கள மாதிரியே கோவக்காரரு" என்றாள். நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பினாள். கோப்பையின் படம் போட்டிருந்தார்கள். இரண்டு காது வைத்த பெரிய கோப்பை. எனக்கு அதில் ஒன்றும் ஆசை இல்லை. சும்மா, அலமாரி மேல்தட்டில் இருந்த பழைய ரேடியோவைத் துடைத்துக் கீழே எடுத்து வைத்தேன். இடம் கொஞ்சம் காலியாக இருந்தால் நல்லதுதானே.

ஜனவரி 3

தலைக்கு மை அடித்தேன். ஆபீசுக்காகத்தான்.

ஜனவரி 4, ஞாயிறு

மோசம் போனேன்.

சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆறு அகலமாகி நிதானமாகப் போகும் இடத்தில் பயிற்சி. நடத்துவது ஜெனிட்டா என்கிற தூத்துக்குடிப் பெண். முப்பது வயதுதான் இருக்கும். குரல் மட்டும் லாரி ஹாரன். ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் படகு, முன்னால் உட்கார ஒரு பள்ளம், பின்னால் ஒரு பள்ளம். முன்பள்ளத்தில் என்னை ஏறி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். பின்னால் படகு திடீரென்று அரையடி தாழ்ந்தது. இருமல் சத்தம் கேட்டது. அந்த இருமலை எனக்கு இருபத்தொன்பது வருடமாகத் தெரியும்.

பலகாலம் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற, தொண்ணூற்றிரண்டு கிலோ எடையுள்ள, அக்கா வீட்டுக்காரர்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் மை அடித்த பின்னந்தலையை அவரும் கண்டுபிடித்திருப்பார். இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் நான் இறங்கினால் நான் பயந்து இறங்கியதாக ஆகும். அவரும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். ஜெனிட்டா படகைத் தள்ளிவிட்டாள்.

நான் வலப்பக்கம் துடுப்புப் போட்டேன். அவரும் வலப்பக்கம் போட்டார். படகு வட்டமடித்தது. சரி என்று நான் இடப்பக்கம் மாற்றினேன். அதே நேரத்தில் அவரும் மாற்றினார். எதிர்ப்பக்கமாக வட்டமடித்தது. இருபது நிமிடம் ஆட்டுக்கல் குழவி மாதிரிச் சுற்றினோம். கரையில் துணி துவைத்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, ரெண்டு பேரும் பேசிக்கிட்டு அடிங்க!" என்று ஜெனிட்டா கத்தினாள்.

கடைசியில் அக்கா வீட்டுக்காரர் பாறைமேல் உட்கார்ந்திருந்த நீர்க்காகத்தைப் பார்த்து, "ஏ காக்கா, முன்னால இருக்கவன் எடப்பக்கம் போட்டா, பின்னால இருக்கவன் வலப்பக்கம் போடுவான்னு சொல்லு" என்றார்.

நானும் காக்காவைப் பார்த்து, "ரொம்ப சீக்கிரமாத்தான் தெரிஞ்சிருக்கு போல" என்றேன்.

அதன் பிறகு படகு நேராகப் போனது. காக்கா பறந்துவிட்டது.

ஜனவரி 5

தோள்பட்டை வலி. முத்திரை குத்தக் கையைத் தூக்க முடியவில்லை. கோமதிக்குப் போன் செய்து திட்டினேன். "படகுன்னா பாதியில எந்திரிச்சுப் போவ முடியாதுல்லா, அதான்" என்றாள். சிரிப்பு வேறு.

ஜனவரி 8

சமையலறையில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து விளக்குமாற்றை வைத்துத் துடுப்புப் பயிற்சி செய்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே தம்பி?" என்று கேட்டார்கள்.

ஜனவரி 11, ஞாயிறு

தூண்டில் இரைக்குப் பொரிகடலை மாவும் கடலைப் பிண்ணாக்கும் பெருங்காயமும் சேர்த்துப் பிசைந்தேன். பெருங்காயம் கொஞ்சம் தாராளம். வீடு முழுக்கச் சாம்பார் வாசனை.

பயிற்சியில் இன்று மீன் பிடித்தோம். நான் இரண்டு ஜிலேபிக் கெண்டை, அவர் ஒரு கெளுத்தி. பிடித்த மீனை அளவுப் பலகையில் கிடத்தி, அளந்து, வீடியோ எடுத்து, உடனே ஆற்றில் விட்டுவிட வேண்டும். அதுதான் போட்டி விதி. "புடிச்ச மீனைத் திருப்பி விடுததுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம்" என்று அக்கா வீட்டுக்காரர் கெளுத்தியிடம் சொன்னார். அந்தக் கருத்தில் எனக்கு முழு சம்மதம். ஆனால் அதை நான் எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன், அதுவும் ஆற்றைப் பார்த்து.

பத்து மணிக்கு அவர் ஒரு டப்பாவைத் திறந்து படகின் நடுவில் எட்டி வைத்தார். அவித்த பனங்கிழங்கு. "மிச்சம் கெடக்கு. படகுக்கு வேணும்னா திங்கட்டும்" என்றார்.

எனக்கு இடப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் கிடையாது. பனங்கிழங்கு நார் சிக்கினால் உயிர் போய்விடும். இந்தக் கிழங்குகளில் நார் முழுவதும் உரித்து, நடுவிலுள்ள பீலியை எடுத்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்பும் மிளகும் தூவியிருந்தது. படகுக்குப் பல் இல்லை என்று அத்தான்… அக்கா வீட்டுக்காரர் நினைத்திருப்பார் போலும். படகு சாப்பிடவில்லை என்பதால் நான் சாப்பிட்டேன். வீணாகக்கூடாது.

ஜனவரி 13

வீடு ஒட்டடை அடித்தேன். பழைய சாமான் எல்லாம் வெளியே எடுத்துப் போட்டேன். போன வருடத்து டைரி கிடைத்தது. ஜனவரி ஆறாம் தேதியில், 'இன்று ஞாயிற்றுக்கிழமை போலவே இல்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். என்ன அர்த்தத்தில் எழுதினேன் என்று நினைவில்லை.

ஜனவரி 15

பொங்கல். பால் பொங்கி வரும்போது கை தானாகப் போய் அடுப்பை அணைத்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 16

சரி, அந்த அடுப்பு விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அக்கா வீட்டுப் பால்காய்ப்பு. புது வீடு, புது அடுப்பு. "பாலைப் பாத்துக்கிடு மாப்ள" என்று சொல்லிவிட்டு அவர் ஐயரை அழைக்க வாசலுக்குப் போனார். பால் பொங்கி வழிய வேண்டும். அதற்குத்தான் அந்த விசேஷமே. சுற்றி நாற்பது பேர் குலவையிடத் தயாராக நிற்கிறார்கள். பால் விளிம்புக்கு வந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. கல்யாணம் காட்சி இல்லாதவன், தனியாகவே இருப்பவன். என் வீட்டில் பால் வழிந்தால் நான்தான் துடைக்க வேண்டும். இருபது வருடமாகப் பால் எழும்பினால் அணைக்கிற கை. அது புது வீட்டையும் ஐயரையும் கண்டதா?

பால் அப்படியே அமுங்கிப் போனது. குலவைக்கு வாயைத் திறந்தவர்கள் திறந்தபடி நின்றார்கள். அவர் வந்து பாத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாற்பது பேர் முன்னால், "நீ எந்தக் காரியத்தைத்தான்லே முழுசாச் செஞ்சிருக்க?" என்றார்.

நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் குழாய் சொட்டினாலும் சரி, மோட்டார் எரிந்தாலும் சரி, காரணம் நான்தானாம். அக்கா சொன்னாள். அவர் திட்டியதுகூடப் பெரிதில்லை. படிப்பைப் பாதியில் விட்டவன், கட்டிட வேலையைப் பாதியில் விட்டவன், பார்த்த பெண்ணைப் பேசி முடிக்காமல் விட்டவன். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் சுட்டது.

இதைப் பேனாவால் எழுதியிருக்கக்கூடாது. அழிக்க முடியாது.

ஜனவரி 18, ஞாயிறு

பயிற்சி. படகு இப்போது நூல் பிடித்த மாதிரிப் போகிறது. பனங்கிழங்கு மறுபடியும் 'மிச்சம்' ஆகியிருந்தது. நான் பதிலுக்கு நாலு பால்கோவா உருண்டை கொண்டுபோய், "இது மீனுக்கு" என்று சொல்லி நடுவில் வைத்தேன். மீன் நான்கையும் சாப்பிட்டு ஏப்பம் விட்டது.

ஜனவரி 21

அக்கா அழுதாள். ரிஜிஸ்தர் ஆபீசில் கோமதி நிஜமாகவே விசாரித்து வந்திருக்கிறாளாம். மேளக்காரரிடம் இன்னும் எதையும் உறுதி செய்யவில்லையாம். "உங்க ரெண்டு பேரு வாயில என்னதான்டா அடைச்சிருக்கு?" என்று கேட்டாள். அவர் முதலில் பேசினால் நான் பேசுவேன். ஒரு வார்த்தை போதும். 'லே' என்று மட்டும் சொன்னால்கூடப் போதும்.

ஜனவரி 24

போட்டிக்காரர்களுக்கு ஜெனிட்டா விதிகளை வாசித்தாள். நாளை காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை. ஒரே ஒரு மீன்தான் கணக்கு. யாருடையது நீளமோ அவர்களுக்குக் கோப்பை. மீனைப் பலகையில் வைத்து அளவை உரக்கச் சொல்லி, கூட்டாளியின் பெயரைச் சொல்லி, "சரிதானா?" என்று கேட்க வேண்டும். கூட்டாளி "சரி" என்று சொல்ல வேண்டும். இது வீடியோவில் இருக்க வேண்டும். அளவில் யாரும் ஏமாற்றக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்தார்.

ஜனவரி 25, ஞாயிறு

முழுவதும் எழுதப் போகிறேன். கை வலித்தாலும் சரி.

பதினாலு படகுகள். பதினோரு மணி வரை எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் உள்ளங்கை நீளக் கெண்டைகள். வேறு யாரோ அறுபத்து நாலு சென்டிமீட்டரில் ஒன்று பிடித்துவிட்டதாகக் கரையில் கைதட்டல் கேட்டது. பெருங்காய உருண்டையைப் பெரிதாக உருட்டி, பாறைக்குப் பின்னாலுள்ள ஆழமான கசத்தில் போட்டேன்.

இழுத்தது பாருங்கள். தூண்டில் வில்லாக வளைந்தது. படகு, நாங்கள், தொண்ணூற்றிரண்டு கிலோ, டப்பா எல்லாம் சேர்ந்து ஆற்றின் போக்குக்கு எதிராக நகர ஆரம்பித்தோம்.

"ஏ மீனே! படகை யாராவது எடப்பக்கம் திருப்புனா நல்லாருக்கும்!" என்று நான் கத்தினேன்.

"ஏ மீனே! திருப்பிக்கிட்டுத்தான் இருக்கு! நூலை விட்டுப் புடிக்கச் சொல்லு!" என்று பின்னாலிருந்து கத்தல்.

"மீனே, ஆகாயத்தாமரைக்குள்ள போவுதியே!"

"மீனே, முன்னால இருக்கவன் எந்திரிச்சு நிக்கான், ஒக்காரச் சொல்லு, கவுத்துருவான்!"

நான் நின்றுகொண்டிருப்பதே அப்போதுதான் தெரிந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. உயிர்ப்பயத்தில், "ஐயோ… மீனே!" என்று அலறினேன். சாகும்போதும் விட்டுக்கொடுக்காதவன் நான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கால் மணி நேரம். ஒருவழியாக வலையில் ஏறியது. கட்லா. இத்தனை பெரிய மீனை நான் பிடித்ததில்லை. பலகையில் கிடத்தினேன். அவர் போனை எடுத்துப் பிடித்தார்.

"எழுபத்தொண்ணு சென்டிமீட்டர்" என்று நான் கட்லாவிடம் சொன்னேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "ம்" என்றார், அதுவும் கட்லாவிடம்தான். மீன் வாலை அடித்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

கரையில் பந்தல். எல்லாரும் கூடியிருந்தார்கள். அக்காவும் கோமதியும் முன்வரிசையில். ஜெனிட்டா வீடியோவைப் பெரிய திரையில் ஓடவிட்டாள். மீனைப் பார்த்ததும் விசில். பிறகு அவள் முகம் மாறியது.

"அண்ணாச்சி, ரெண்டு பேரும் மீன்கிட்டயே பேசியிருக்கிய. பேரைச் சொல்லி யாரும் யாரையும் கேக்கலியே?"

"மீன் தெரியுதுல்லா? அளவு தெரியுதுல்லா?" என்று அவர் சண்டைக்குப் போனார். "பலகையில எழுதியிருக்கது கண்ணுக்குத் தெரியலியா?" என்று நானும் போனேன். அவர் பாதியில் விட்டதை நான் முடிக்க, நான் விட்டதை அவர் முடிக்க, ஐந்து நிமிடம் அந்தப் பெண்ணைப் போட்டு உலுக்கி எடுத்துவிட்டோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல்தான்.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு" என்றாள் அவள். "இப்ப இங்க நின்னு கேட்டாலும் ஒத்துக்கிடுதேன். அவுக பேரைச் சொல்லி, சரிதானான்னு கேளுங்க. அவ்வளவுதான். கோப்பை ஒங்களுக்கு."

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டாள்.

அவர் பெயர் பலவேசம். அந்தப் பெயரை நான் இருபத்தொன்பது வருடத்தில் வாயால் சொன்னதில்லை. வேறு ஒரு பலவேசத்துக்குத் தபால் வந்தால்கூடத் தபால்காரரிடம் நீட்டி, "இது யாருக்குன்னு பாருங்க" என்பேன். அக்காவைக் கட்டியவரை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா? பந்தலில் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள். பெயரைச் சொன்னால் கோப்பை. ஆனால் நாற்பது பேர் முன்னால் என்னைப் பேசியவரை இருநூறு பேர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அதோடு உறவே முடிந்தது என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். மீசை முழுக்க நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"அத்தான்" என்றேன். மைக் கீச்சிட்டது. "எழுபத்தொண்ணு சென்டிமீட்டர். சரிதானா?"

"அண்ணாச்சி, பேரு…" என்றாள் ஜெனிட்டா.

"அதாம்மா அவுக பேரு. எனக்குத் தெரிஞ்ச பேரு அதான்."

கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெனிட்டா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, ஒத்துக்கிடுதேன்" என்றாள். "நீங்க 'சரி'ன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

அத்தான் மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"சரியில்ல" என்றார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"எழுபத்தொண்ணு இல்ல மாப்ள. வாலை நீ ஒழுங்கா விரிக்கல. நான் பின்னால இருந்து பாத்தேன். எழுபத்திரண்டு."

"கூட்டாளி அளவை ஒத்துக்கலேன்னா அந்த மீனே கணக்குல வராது அண்ணாச்சி!" என்று ஜெனிட்டா தலையில் கை வைத்தாள். "எழுபத்தொண்ணுன்னாலும் நீங்கதான் ஃபர்ஸ்டு. சும்மா சரின்னு சொல்லுங்க!"

"அத்தான், ஒத்துக்கிடுங்க! எழுபத்தொண்ணே போதும்!" என்று நானும் கெஞ்சினேன்.

"எப்படில போதும்? அம்புட்டுப் பெரிய மீனை முழுசாக் கரைக்குக் கொண்டுவந்தவன் நீ. அதை நான் ஊரு முன்னால ஒரு சென்டிமீட்டர் கொறைச்சுச் சொல்லணுமா? கோப்பை என்ன பெரிய கோப்பை. சொல்ல மாட்டேன்."

மணி அடித்துவிட்டார்கள். கோப்பை அறுபத்து நாலுக்குப் போனது.

எனக்குத் தாங்க முடியாத கோபம். அதைவிடத் தாங்க முடியாத சந்தோஷம். கண்ணில் நீர் வந்தது. பெருங்காயக் கையால் துடைத்ததில் எரிந்து இன்னும் அதிகமாக வந்தது. கோமதி ஓடிவந்து எங்கள் இரண்டு பேர் கழுத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அக்கா அங்கேயே நின்று மேளக்காரருக்குப் போன் போட்டாள்.

ஜனவரி 26

அரசு விடுமுறை. காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார் அத்தான். கையில் தச்சு வேலைக்கு வைத்திருக்கும் டேப்பு. கட்லாவின் வாலை எப்படி விரித்திருக்க வேண்டும் என்று என் வீட்டு வாழையிலையை வெட்டி வைத்து அளந்து காட்டினார். பிறகு ஜன்னல் கொக்கி சரியில்லை என்றார். என் மை அடித்த தலை சரியில்லை என்றார். மூன்று வருடம் பேசாததை எல்லாம் இன்றே பேசித் தீர்த்துவிடுவதாகக் கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மணி பன்னிரண்டு. இன்னும் மூச்சு விடவில்லை. மூன்று வருடம் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன்!

கோமதி போன் செய்தாள். மணவறைக்கு என்ன கலர் வேட்டி என்று கேட்டாள். அத்தான் போனைப் பிடுங்கி அவரே பதில் சொல்லிவிட்டார். எனக்குப் பட்டுக்கரை வேட்டியாம். வாங்கியே வைத்துவிட்டாராம். எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். "அது எதுக்கு ஒனக்கு?" என்றார். போன தீபாவளிக்கே வாங்கிவிட்டார் என்று கோமதி போனிலேயே சொன்னாள்.

இதை எழுதும்போது என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார். நேற்றைய பக்கத்தை வாசிக்கிறார். எழுபத்தொன்று என்று எழுதியதை எழுபத்திரண்டு என்று திருத்தச் சொல்கிறார். இது என் டைரி, திருத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பேனாவைப் பிடுங்கு

72 செ.மீ. நான் கண்ணால் பார்த்தது. இதில் வேறு என்ன எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.
இப்படிக்கு,
அத்தான்